குப்பைக்கும் விறகுக்கும் இடையில்

எரிகின்ற பொருள் எல்லாம் விறகு ஆகிவிடுவதில்லை. பால் உறை எரியும். பழைய செருப்பு எரியும். தெர்மாகோல் துண்டு கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். இவற்றை எரித்துக் குளிர்காய்பவரைக் குப்பை கொளுத்துகிறவர் என்றே உலகம் சொல்கிறது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அதே வீட்டுக் கழிவிலிருந்து பிரித்தெடுத்த தாளும் சருகும் மரத்தூளும் நீரில் ஊறி, பிசையப்பட்டு, அச்சில் அழுத்தப்பட்டு, வெயிலில் காய்ந்து ஒரு கட்டையாக உருவெடுத்தால், அதை எரிபொருள் என்கிறோம். இந்தப் பெயர்மாற்றம் சரியாக எந்த இடத்தில் நிகழ்கிறது? வீட்டு எரிபொருளின் வரலாறு என் ஆய்வுக்களம் என்பதால் இப்படியெல்லாம் யோசிப்பது என் தொழில். ஆயினும் இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது ஆவணக் காப்பகம் அன்று. எங்கள் குடியிருப்பின் வாயிற்கதவு. பதிவு சற்று நீளமானது. பொறுமை உள்ள நண்பர்கள் வாசிக்கலாம்.

நான் வசிப்பது வாரணாசியின் தென்பகுதியில், நாற்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில். மார்கழியிலும் தையிலும் இங்கே இரவுக் குளிர் 5, 6 பாகை செல்சியஸ் வரை இறங்கும். மூடுபனி சில நாட்களில் முற்பகல் வரை விலகாது. வாயிலில் இரவுக்காவல் பார்ப்பவர் அறுபதை நெருங்கியவர், பல்லியா மாவட்டத்துக்காரர். குடியிருப்பில் அனைவருக்கும் அவர் சாச்சா. என்னைப் 'பிட்டியா' என்பார். மகளே என்று பொருள். இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை ஒரு தகரக் கூண்டும் ஒரு நாற்காலியும் அவருடைய உலகம். சென்ற ஆண்டுக் குளிரில் அவர் கைக்கு எட்டியதையெல்லாம் எரித்தார்: அட்டைப்பெட்டி, சாயம் பூசிய சன்னல் சட்டம், பிளைவுட் துண்டு, பால் உறைகள். புகை முதல் மாடிக்கு ஏறியது. இருமலோ அவர் நெஞ்சிலேயே தங்கியது. ஒருநாள் வாயிற்சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இங்கே குப்பை எரிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்.

சாச்சா அதைப் படித்துவிட்டு என்னிடம் அமைதியாகச் சொன்னார்: "எதை எரிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள், பிட்டியா. எதை எரிக்கலாம் என்று எழுதவில்லையே."

சட்டத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலும் பொதுவெளியிலும் கழிவை எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று நாடு முழுமைக்கும் தண்டம் விதித்தது. நெகிழி எரியும்போது வெளிவருவது வெறும் புகை மட்டுமன்று, பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகும், டையாக்சின்கள் உண்டாகும். முதல் மாடி வீட்டாரின் மனக்குறை நியாயமானதே. அந்தப் புகைக்கு மிக அருகில் பத்து மணிநேரம் அமர்ந்திருந்தவர் யார் என்பதை மட்டும் அந்த அறிவிப்பு கணக்கில் கொள்ளவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கடுங்குளிர் நாட்களில் உத்தரப் பிரதேசத்தின் நகரங்களில் மாவட்ட நிருவாகமே சந்திகளில் விறகு இறக்கி 'அலாவ்' மூட்டுகிறது. நாற்சந்தியில் மூட்டப்படும் தீ மக்கள் நலப்பணி. எங்கள் வாயிலில் அதே குளிருக்கு மூட்டப்பட்ட தீ குற்றம். இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு, எரிந்த பொருள்.

எனவே பொருளை மாற்றிப் பார்க்கலாம் என்று நானும் சாச்சாவும் முடிவு செய்தோம்.

கழிவிலிருந்து எரிபொருள் செய்வது இந்நாட்டில் புதுமை ஏதும் இல்லாத வேலை. சாச்சாவின் ஊரில் சாண வறட்டியைக் 'கோயிட்டா' என்பார்கள். லிட்டியை அந்தக் கனலில் சுட்டால்தான் அதற்கு மணம் என்பது பூர்வாஞ்சலத்தார் கட்சி. வங்காளத்தில் எரிவாயு வருவதற்கு முன், நிலக்கரி மூட்டையின் அடியில் தங்கும் தூளை எறிய மாட்டார்கள். களிமண்ணும் சாணமும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்து மொட்டைமாடியில் காயவைப்பார்கள். அதன் பெயர் 'குல்'. காஷ்மீரத்தில் இலையுதிர் காலத்தில் சினார் சருகுகளைப் பெருக்கிக் குவித்துக் கொளுத்தி, முழுதும் சாம்பலாகும் முன் நீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி மூட்டை கட்டுவார்கள். குளிர்காலம் முழுவதும் பிரம்புக் கூடைக்குள் வைத்த மண்சட்டியாகிய காங்கிரியில் அந்தக் கரி கனலும். நம் ஊரில் மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர டப்பாவின் நடுவே ஒரு கண்ணாடிப் புட்டியை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்து இடித்து, புட்டியை மெல்லத் திருகி உருவினால் நடுவில் ஒரு துளை நிற்கும். அடியில் பக்கவாட்டுத் துளை வழியாகத் தீ வைப்பார்கள். என் அம்மா அந்தப் புட்டியை உருவும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். தூள் சரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து இடிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுமை உண்டு. பெரும்பாலும் இது பெண்களின் வேலை. கூலி இல்லாத வேலை. வறட்டி தட்டும் நேரம் எந்த நாட்கூலிக் கணக்கிலும் ஏறாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 49 விழுக்காட்டினர் விறகிலும், ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் பயிர்க்கழிவிலும், ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் சாண வறட்டியிலும் சமைத்தனர். எரிவாயுவில் சமைத்தோர் 28.5 விழுக்காட்டினர். ஐந்தாண்டு கழித்து, 2016 மே 1 அன்று, எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்ட இடம் சாச்சாவின் பல்லியாதான். அவர் வீட்டிலும் உருளை இருக்கிறது. விருந்தாளி வந்தால் தேநீர் அதில் கொதிக்கும். மாட்டுக்குத் தீவனம் கோயிட்டாவில் வேகும். ஓர் எரிபொருள் வந்ததும் மற்றொன்று ஓய்வு பெற்றுவிடும் என்பது திட்டமிடுவோரின் நம்பிக்கை. அடுப்படியில் இரண்டும் அருகருகே வாழ்கின்றன.

வங்காளத்தில் ஒரு பழமொழி உண்டு: வறட்டி எரிகிறது, சாணம் சிரிக்கிறது. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று நாம் சொல்வதன் உடன்பிறப்பு அது. சாச்சாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சாணத்துக்காவது தன் முறை எப்போது என்று தெரியாது" என்றார்.

இனி செய்முறை. பிரேம்சந்தின் 'பூஸ் கி ராத்' கதையில் வயலுக்குக் காவலிருக்கும் ஹல்கு, குளிர் தாங்காமல் மாந்தோப்பில் சருகு கூட்டி எரிப்பான். தீ ஓங்கி எழும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். சருகுத் தீயின் இயல்பு அது. உதிரியாகக் கிடக்கும் சருகுக்குள் காற்று எங்கும் புகுந்திருப்பதால் அத்தனையும் ஒரே வீச்சில் எரிகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி வானத்துக்குப் போகிறது. விறகு நின்று எரிவதற்குக் காரணம் அதன் அடர்த்தி. எனவே கழிவை விறகாக்குவது என்றால், முதலில் அதிலிருந்து காற்றை வெளியேற்றுவது. ஆலைகளில் மரத்தூளைப் பேரழுத்தத்தில் நசுக்கும்போது எழும் வெப்பத்தில் மரத்திலுள்ள லிக்னின் இளகிப் பசையாகிவிடும். கைவிசையில் அந்த வெப்பம் வராது. அங்கே கைகொடுப்பது தாள். ஊறிய தாளின் நார்கள் பிரிந்து, காயும்போது ஒன்றோடொன்று பின்னி இறுகும். தாள் என்னும் பொருள் உருவாவதே அந்தப் பிணைப்பால்தான். தனியே பசை தேவையில்லை.

பொருள் சேர்க்கும் வேலையை மார்ச் மாதத்தில் தொடங்கினோம். இங்கே அரசும் வேம்பும் இலை உதிர்க்கும் பருவம் அது. குளிர்காலம் முழுவதும் காசித் தெருக்களில் மலை மலையாக விற்கும் வறுத்த வேர்க்கடலையின் தோட்டை வீடு வீடாகச் சொல்லி மூட்டையில் சேர்த்து வைத்திருந்தோம். மரப்பொம்மைக்குப் பேர்பெற்ற ஊர் இது. கடைசல் பட்டறை ஒன்றில் சாயமும் அரக்கும் ஏறாத மரச்சுருளை மட்டும் தனியே வாங்கிக்கொண்டோம். தாளைப் பொறுத்தவரை ஒரு கணக்கு உண்டு. நல்ல செய்தித்தாளைப் பழைய பொருள் வாங்குபவர் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் கொடுத்து எடுத்துச் செல்கிறார். அது மீண்டும் தாளாகிறது. அதை எரிப்பது இருவகையிலும் நட்டம். அவர் வேண்டாமென்று ஒதுக்கும் கிழிசலும், நனைந்த தாளும், முட்டை அட்டையும், என் ஆய்வேட்டின் நிராகரிக்கப்பட்ட வரைவுகளும் போதுமானவையாக இருந்தன. என் மூன்றாம் இயல் மிக நன்றாக ஊறியது.

விலக்க வேண்டியவை இன்னும் முக்கியம். வழவழப்பான வண்ணத்தாள், உட்புறம் நெகிழிப்பூச்சு உள்ள தேநீர்க் குவளை, ஒட்டுநாடா ஒட்டிய அட்டை, கடைகளில் தரும் வெப்ப அச்சுச் சீட்டு, சாயம் பூசிய மரம், பிளைவுட், எந்த வடிவிலும் நெகிழி: இவற்றில் ஒன்றும் கூடாது. மொத்த வேலையில் பாதி நேரம் இந்தப் பிரித்தலுக்கே சென்றது.

கிழித்த தாளை மூன்று நாள் வாளியில் ஊறவைத்துக் கையால் பிசைந்து கூழாக்கினோம். மூன்று கலவைகளைச் செய்து பார்த்தோம். தாள் மட்டும் கொண்ட கட்டை வெளியே கருகி உள்ளே புகைந்தது. சாம்பல் ஏடு ஏடாக அதன் மேலேயே போர்வையாகப் படிந்து தீயை மூச்சுமுட்டச் செய்தது. தாளும் சருகும் சரிபாதியாகக் கலந்தது விரைவில் எரிந்து முடிந்தது. எடுக்கும்போதே விளிம்பு உதிர்ந்தது. கூழ் ஒரு பங்கு, மரச்சுருள் ஒரு பங்கு, நொறுக்கிய கடலைத்தோடும் சருகும் சேர்ந்து ஒரு பங்கு என்பதே நின்று எரிந்தது. அடியிலும் பக்கங்களிலும் ஆணியால் துளையிட்ட பழைய வனஸ்பதி டப்பா எங்கள் அச்சு. நடுவில் துடைப்பக் கழியின் ஒரு துண்டை நிறுத்தி, சுற்றிலும் கலவையைத் திணித்து, மரக்கட்டை வைத்து ஏறி மிதித்தோம். நீர் வடிந்ததும் கழியை உருவினால் நடுத்துளை. அம்மாவின் மரத்தூள் அடுப்பு எனக்குக் கற்றுத்தந்தது அந்தத் துளைதான். உட்புறமும் காற்று ஏறுவதால் கட்டை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் ஒருசேர எரிகிறது. துளையே சிறு புகைபோக்கியாகவும் அமைகிறது.

மீதி வேலையை வெயில் பார்த்துக்கொண்டது. சித்திரை, வைகாசியில் இங்கே வீசும் 'லூ' என்னும் அனல்காற்றை எல்லோரும் சபிப்பார்கள், நாங்கள் வரவேற்றோம். நாங்கள் எடைபோட்ட ஒரு கட்டை ஈரத்தில் 800 கிராம். பன்னிரண்டு நாள் கழித்து 230 கிராம். காய்ந்த தாவரப் பொருளின் வெப்பமதிப்பு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் என்று கொண்டால், அந்தக் கட்டையில் இருப்பது ஏறத்தாழ 3.5 மெகாஜூல். அதன் ஈரத்தை வெயிலுக்குப் பதிலாகத் தீயே ஓட்ட வேண்டியிருந்தால், ஐந்தில் இரண்டு பங்கு வெப்பம் அந்த நீரை ஆவியாக்கவே போய்விடும். ஈர விறகு கண்ணைக் கரிப்பதும், கை சூடேறாததும் இதனால்தான். மழைக்காலத்தில் கட்டைகளைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் பலகைமேல் வைத்தோம். ஐப்பசியில் மீண்டும் ஒருமுறை வெயில் காட்டினோம். காற்றின் ஈரத்தைத் தாள் விட்டுவைக்காது.

இந்த மார்கழியில் சாச்சா ஊரிலிருந்து ஒரு 'போர்ஸி' கொண்டுவந்தார். கனல் வைப்பதற்கான மண்சட்டி அது. கட்டை ஒன்று முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் எரிந்தது; அதன்பின் சிறிது நேரம் கனன்றது. தொடக்கத்தில் எழும் புகை சில நிமிடங்களில் அடங்கியது. பற்றவைக்கும் பொழுதில் அவர் இரண்டடி தள்ளி நின்றுகொள்வார். முதல் மாடியிலிருந்து இம்முறை குரல் எழவில்லை.

இவ்வளவில் நிறுத்தினால் இது மகிழ்ச்சியான பதிவாக முடிந்திருக்கும். எண்கள் அதற்கு இடம் தரவில்லை. பத்து மணிநேர இரவுக்குப் பதினைந்து கட்டைகள் வேண்டும். அதாவது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ உலர்பொருள். கோடை முழுவதும் நாங்கள் செய்தவை 220 கட்டைகள், 50 கிலோ. கணக்கிட்டால் பதினான்கு இரவுகள். இங்கே கடுங்குளிர் இரண்டு மாதம் நீடிக்கும். நாற்பது வீடுகளின் கழிவும் இரண்டு பேரின் ஒரு கோடைக்கால உழைப்பும் சேர்ந்து ஒரு மனிதருக்கு இரண்டு வாரக் கதகதப்பைத் தந்தன. அந்த உழைப்பில் பெரும்பங்கு பகலில் உறங்க வேண்டிய காவலருடையது. அவர் தமக்கான விறகைத் தாமே கூலியின்றிச் செய்துகொண்டார் என்றும் இதைச் சொல்லலாம். வறட்டி தட்டும் பெண்களைப் பற்றி நான் ஆய்வேட்டில் எழுதிவருவதும் இதையேதான்.

ஆபத்து ஒன்றும் இருக்கிறது. புகை அடங்கிய கனலே அதிகம் ஏமாற்றும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். மூடிய அறையில் கனல் வைத்து உறங்கியவர்கள் விடியலில் எழவில்லை என்ற செய்தி வட இந்திய நாளிதழ்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. பனி இறங்கும்போது போர்ஸியைத் தகரக் கூண்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும். போர்ஸி கூண்டின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று நாங்கள் முதல்நாளே பேசி வைத்தோம். கூண்டுக்குள் அப்போதும் குளிர்தான்.

ஆகவே இன்னொரு கணக்கைப் போட்டுக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துச் சென்றேன். 400 வாட் மின்கணப்பு ஒன்று பத்து மணிநேரம் எரிந்தால் 4 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஓர் இரவுக்கு 40 ரூபாய். நாற்பது வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு ஒரு ரூபாய். தில்லித் தலைநகர்ப் பகுதியின் காற்று மாசுத் தடுப்பு நடவடிக்கைத் திட்டம், காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் திறந்தவெளியில் எதையும் எரிக்க நேராதபடி அவர்களுக்கு மின்கணப்பு வழங்குமாறு குடியிருப்போர் சங்கங்களுக்கே சொல்கிறது என்பதையும் குறிப்பிட்டேன். அந்தத் திட்டம் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. அதன் பின்னுள்ள நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும். குளிர்காய்வது அவருடைய தனிப்பட்ட தேவை என்று ஒருவர் சொன்னார். குளிரில் அவர் நிற்பது நம்முடைய தேவைக்காக என்று ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் பதில் சொன்னார். மின்கணப்பு வந்தது, வாயிற்சுவரில் இருந்த அறிவிப்பும் கழற்றப்பட்டது.

மின்கணப்பு வந்தபின்னும் சாச்சா போர்ஸியைக் கைவிடவில்லை. கூண்டுக்குள் கணப்பு, வெளியே, விடியும் முன் ஒரு மணிநேரம் மட்டும், இரண்டு கட்டை. ஏனென்று கேட்டேன். "கணப்பு என் காலை மட்டும் சூடாக்கும், பிட்டியா. போர்ஸியைச் சுற்றி நாலு பேர் உட்காரலாம்" என்றார். பால்காரர், செய்தித்தாள் போடும் பையன், முதல் சவாரிக்குக் காத்திருக்கும் ரிக்‌ஷாக்காரர், தெருநாய் ஒன்று. ஆய்வேட்டில் எரிபொருளை நான் மெகாஜூலில் அளக்கிறேன். அந்த அலகில் இந்த ஒரு மணிநேரத்துக்கு இடமில்லை. நாளொன்றுக்கு இரண்டு கட்டை என்னும் கணக்கில் எங்கள் 220 கட்டைகள் குளிர்காலம் முழுவதற்கும் போதும்; மிச்சமும் இருக்கும்.

முதலில் எழுப்பிய கேள்விக்கு இப்போது எனக்கு ஒரு விடை இருக்கிறது. குப்பையை விறகாக்குவது அழுத்தமும் வெயிலும் மட்டுமல்ல. எது எரியலாம், எது கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து பிரித்தெடுக்கும் உழைப்புதான் அதை விறகாக்குகிறது. அந்த உழைப்பைக் குளிரில் நடுங்குபவர் தலையிலேயே கட்டிவிட்டு, அவர் அதைச் செய்யாதபோது தண்டம் விதிப்பது எளிது. நாற்பது வீடுகளும் தத்தம் சமையலறையிலேயே கடலைத்தோட்டை ஒரு பையிலும் பால் உறையை இன்னொரு பையிலும் போட்டால், வாயிலில் பாதி வேலை முடிந்துவிடும்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: பொருள் சேர்ப்பதைப் பங்குனியில் தொடங்குங்கள், கட்டையைக் கோடையில் காயவையுங்கள், நடுத்துளையை மறக்காதீர்கள், மூடிய அறைக்குள் ஒருபோதும் எரிக்காதீர்கள். செய்ய நேரமில்லாதவர்கள், குளிர் மிகுந்த ஓர் இரவில் கீழே இறங்கி, உங்கள் வாயிற்காவலர் எதை எரித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு அதுவே போதும்.